ஒரே கேள்வி, நாற்பது தடவை

கடையில் வேலை முடித்து, மூன்று மாடி ஏறி வந்த பிறகும் அவளுக்கு வீட்டுக்குள் போக இன்னும் இருபத்திரண்டு நிமிடம் பாக்கி இருக்கும். அவ்வளவு நேரமும் பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நிற்க வேண்டும். உள்ளே தம்பி ஏற்பாடு செய்துகொண்டிருப்பான். முதலில் செருப்புக்கு ஒரு தட்டு வெளியே வரும். அப்புறம் கைப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அப்புறம் சோப்புத் தண்ணீர் வாளி. கடைசியாகக் கதவிடுக்கில் அவன் குரல்.

“இன்னைக்கு யாரையாவது தொட்டியா?”

“கண்ணாடிக் கடையில வேலை பாக்குறேன்டா. மூக்கையும் காதையும் தொடாம எப்படிக் கண்ணாடி மாட்டி விடுறது?”

“எத்தனை பேரு?”

“ஊர்ல பாதிப் பேரு.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு இன்னும் ஐந்து நிமிடம் கூடும். தெரிந்தும் சொல்வாள். வாய் அவளுடையதுதான் என்றாலும் அவள் பேச்சைக் கேட்டதில்லை.

அந்தத் தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்கார அக்கா என்று பெயர். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. லென்ஸை ஓரம் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது, கோணலான காதுக்கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்துவது, கடுகளவு திருகாணியைத் தரையில் விட்டுவிட்டு நாலு காலில் தேடுவது, இதெல்லாம் அவள் வேலை. வளைந்த சட்டத்தைக் கையில் வாங்கியதுமே, “இதைப் போட்டுக்கிட்டே தூங்கினீங்களா, இல்ல இது மேலயே உக்காந்தீங்களா?” என்று கேட்பாள். இரண்டில் ஒன்று சரியாக இருக்கும். அவளிடம் திட்டு வாங்காமல் அந்தக் கடையில் கண்ணாடி வாங்கியவர் கிடையாது. வேறு கடைக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். அங்கே யாரும் அக்கறையாகத் திட்டவில்லை என்று ஒருவர் காரணம் சொன்னாராம்.

அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, தம்பிக்கும் ஆகவில்லை. அது தனிக்கதை, இங்கே வேண்டாம். அப்பா அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் இருவரும் சண்டையும் சமாதானமுமாக இருந்தார்கள். தம்பி நாற்காலி, மேஜை, கட்டில் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டினான். குளிக்கச் சொன்னால் நாளைக்கு என்பான். அழுக்குச் சட்டையை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொள்கிற ரகம். இன்று அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது.

பெருந்தொற்று வந்தபோது நகர நிர்வாகம் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் பிடித்துக்கொண்டது. கட்டில் ஏற்றிய வண்டியில் பிணம் ஏற்றினார்கள். நான்கு மாதம். ஓட்டுவது மட்டும்தான் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இரண்டாம் நாளே தூக்கவும் ஆள் இல்லை. பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு அவனே தூக்கினான், அவனே இறக்கினான். பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூட அறையில் படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தபோது நாலு கிலோ இளைத்திருந்தான், மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். இரண்டு நாள் தூங்கினான், மூன்றாம் நாள் எழுந்து தலைவலிக்குது, டீ போடு என்றான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

நோய் அடங்கிக் கடைகள் திறந்து, முகமூடிகளை ஜனங்கள் வண்டி துடைக்க எடுத்துக்கொண்ட பிறகுதான் அவனுக்கு ஆரம்பித்தது. முதலில் காய்கறியை சோப்புப் போட்டுக் கழுவினான். அடுத்து சாவி, பூட்டு, கதவுப்பிடி. வண்டிச் சாவியைத் தொட முடியாமல் வேலைக்குப் போவதை நிறுத்தினான். செய்தித்தாளை இஸ்திரி போட்டுத்தான் படித்தான். கைகள் வெந்த கிழங்கு மாதிரி தோலுரிந்தன. ஊருக்கெல்லாம் முடிந்துபோன நோய் மூன்றாவது மாடியில் மட்டும் குடியிருந்தது.

எல்லாவற்றையும்விட அவளை அரித்தது அந்தக் கேள்விதான். “அக்கா, இது சுத்தமா இருக்கா?” தட்டைக் காட்டிக் கேட்பான். இருக்கு என்பாள். இரண்டு நிமிடத்தில் அதே தட்டு, அதே கேள்வி. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் படுக்கும்வரை. ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். நாற்பது வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஊருக்கு உபதேசம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? தொலைபேசியில் மாமா, “ஆம்பளை வீட்ல சும்மா உக்காந்தா இப்படித்தான். நாலு அதட்டு அதட்டு, சரியாயிடும்” என்றார். அதட்டிப் பார்த்தாள். அதட்டும்போது அவள் வாயிலிருந்து எச்சில் தெறித்ததாகச் சொல்லி அவன் சுவரைக் கழுவினான். கீழ்வீட்டுக்காரி வேறு ரகம். “சுத்தமா இருக்கிறது நல்லதுதானே? எங்க வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணியைப் பாக்குறார். வேணும்னா ஒரு மாசத்துக்கு மாத்திக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

ஒரு முறை, அவசரமாகக் கேட்டார் என்று ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியைச் சரிசெய்ய வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் முகம் கழுவி வருவதற்குள் தம்பி அதை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டான். லென்ஸின் மேல்பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. மறுநாள் முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்னம்மா, இருபது வருஷ அனுபவம், கண்ணாடியை வேகவெச்சுக் கொண்டு வந்திருக்கீங்க?”

அவள் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. கை தவறிவிட்டது என்றாள். பிறத்தியாரின் சின்னத் தப்புக்குக்கூடத் திட்டிப் பழகியவள், செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றாள். அந்த எரிச்சல் உள்ளேயே தங்கிவிட்டது.

அது வெளியே வந்தது ஒரு மழைநாளில். பேருந்து கிடைக்காமல் நடந்தே வந்திருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் தந்தியடிக்கக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து குரல் வந்தது: “அக்கா, மழைத்தண்ணி எங்கெங்கயோ பட்டு வந்திருக்கும். இன்னைக்கு ரெண்டு வாளி வேணும், கொஞ்சம் நில்லு.”

நின்றாள். வாளி வெளியே வந்தது. ஓங்கி ஓர் உதை விட்டாள். வாளி ஒவ்வொரு படியாக உருண்டு, இரண்டாம் மாடி கைப்பிடியில் மோதி, கீழ்வீட்டுக்காரியின் வாசலில் போய் நின்றது. கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

“நாலு மாசம் அத்தனை பேரை ஏத்திட்டுப் போனியே, நீயும் அப்படியே அந்த வண்டியோட போய்த் தொலைஞ்சிருக்கலாம்ல!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. கதவு முழுசாகத் திறந்தது. தம்பி அவளைப் பார்க்கவில்லை, படிக்கட்டைப் பார்த்தான்.

“அந்தத் தண்ணி யார் மேலயாவது பட்டுச்சா?” என்று கேட்டான்.

அந்த நேரத்தில் அவன்மேல் வந்தது வெறுப்புதான். அதைப் பின்னாளிலும் அவள் மறைத்துச் சொன்னதில்லை. ஈரக் காலோடு அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் அவள் நடந்த தடத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே அழுதான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனாள். தம்பியைக் கூப்பிட்டாள், அவன் மருத்துவமனை என்ற சொல்லுக்கே கையைக் கழுவப் போய்விட்டான். தனியாகப் போனாள். சீட்டு கொடுக்குமிடத்தில், “நோயாளி எங்கம்மா?” என்றார்கள்.

“வரமாட்டேங்கிறான். அதுதாங்க நோயே.”

“நோயாளி இல்லாம சீட்டு போட முடியாது.”

“வர்ற அளவுக்குத் தெளிவா இருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?”

பதினாலாம் எண் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பூட்டு. ஒன்பதுக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பதில் இருந்தவர் பதினாலுக்குப் போகச் சொன்னார். ஒரு படிவம் தந்தார்கள். அதில் நோயாளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் “போன ஜென்மத்துக் கடன்” என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டு, அக்கா என்று எழுதினாள்.

பகல் ஒன்றரைக்குப் பதினாலாம் அறையைத் திறந்து ஒரு செவிலியர் வந்து உட்கார்ந்தாள். அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். பச்சை ஸ்வெட்டர், ஜலதோஷம். இடைவிடாமல் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பாவம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுத்தமா இருக்கான்னு கேக்குறார்?”

“நாப்பதுக்கு மேல.”

“நீங்க எத்தனை தடவை பதில் சொல்றீங்க?”

“நாப்பதுக்கும்தான். சொல்லலைன்னா விடமாட்டானே.”

“சொன்னா விடுறாரா?”

அவள் மடியிலிருந்த கைப்பையைத் திறந்து மூடினாள்.

“நீங்க இருக்குன்னு சொன்னதும் அவருக்கு ரெண்டு நிமிஷம் நிம்மதி. அப்புறம் பழையபடி பயம். மறுபடி அந்த நிம்மதி வேணும், மறுபடி கேப்பார். நீங்க வாளி தூக்குறதும் நிக்கிறதும் பதில் சொல்றதும் அவருக்காக இல்ல. அந்த நோய்க்குச் சம்பளமில்லாம வேலை பாக்குறீங்க.”

சுருக்கென்று இருந்தது. செவிலியர் மேலும் சொன்னாள். முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில். வாசலில் நிற்கும் நேரத்தில் வாரத்துக்கு இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது, கோபத்தில் செய்யக் கூடாது. எப்படியாவது ஒரு நாள் அவனை இங்கே அழைத்துவர வேண்டும், மாத்திரையும் பயிற்சியும் அப்போதுதான் தொடங்க முடியும்.

“சரி. நீங்க எப்படி இருக்கீங்க?”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“தூக்கம்?”

“இங்க பாருங்கம்மா, நோய் அவனுக்கு. என்னை எதுக்குக் கேள்வி கேக்குறீங்க?” குரல் அறைக்கு வெளியே கேட்டது. அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் எரிச்சல் வந்தது. கண்ணாடியைக் கழற்றி, தேவையே இல்லாமல் துடைத்தாள்.

செவிலியர் தன் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, “சனிக்கிழமை பதினோரு மணிக்கு, உங்களை மாதிரி வீட்ல வெச்சுப் பாத்துக்கிறவங்க கூடுவாங்க. வாங்க” என்றாள். வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

சொல்வது சுலபம். தம்பியை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். நல்ல பிள்ளையாக “சரிக்கா” என்றான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, “இது சுத்தமா இருக்கா?” என்றான். இருக்கு என்றாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டான். “பதில் சொல்லிட்டேன்.” “இன்னொரு தடவை சொன்னா என்ன குறைஞ்சுடும்?” “சொல்லிட்டேன்டா.” “இருக்குன்னுதானே சொன்னே?” அதற்குத் தலையாட்டினால் அதுவே இரண்டாவது பதில். ஆட்டாமல் இருக்கக் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் அவள் பின்னாலேயே சமையலறை, கூடம், குளியலறைக் கதவு வரை வந்தான். அங்கேயே தட்டோடு நின்றான். மூன்றாம் நாள் தாங்காமல், “இருக்கு, இருக்கு, இருக்கு, நூறு தடவை இருக்கு, போதுமா!” என்று கத்தினாள். எல்லாம் முதலிலிருந்து.

இப்படி ஏறியும் சறுக்கியும் ஆறு வாரம் போனது. வாசலில் நிற்பது பதினாறு நிமிடமாகியிருந்தது. அவ்வளவுதான். மருத்துவமனைக்கு வர மட்டும் அவன் அசையவில்லை.

அப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், கடையில் பாதிப் பேர் அதில் படுத்திருந்தார்கள். ஆனால் தம்பியைப் பொறுத்தவரை காய்ச்சல் என்று ஒன்றுதான் உண்டு. அவள் படுத்திருந்த மூலையறைக் கதவருகே கையுறையோடு நின்றான். உள்ளே வர முயன்றான். இரண்டு முறை நிலைப்படிவரை வந்து திரும்பினான். கடைசியில் சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளி அனுப்பினான்.

“நாய்க்குக்கூடக் குனிஞ்சு வெப்பாங்கடா” என்றாள்.

“என்னால முடியலக்கா” என்றான்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். வாந்தியும் பேதியுமாக உடம்பில் சத்தே இல்லை. குளியலறைக்குப் போனவள் கண் இருட்டி விழுந்தாள். நெற்றி குழாயில் பட்டது. அவள் விழுந்த சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்து வாசலில் நின்றான். அவள் தரையில் கிடந்தபடி அவன் கால்களைப் பார்த்தாள். முன்னால் வந்தன, பின்னால் போயின, முன்னால் வந்தன.

“அக்கா. அக்கா, ஏதாவது பேசு.”

அவள் பேசவில்லை. பேசத் தெம்பில்லை.

“அக்கா, திட்டேன்.”

எங்கிருந்துதான் வந்ததோ, “தூக்குடா கழுதை” என்றாள்.

தூக்கினான். ஒரு கை கழுத்துக்குக் கீழ், ஒரு கை முழங்காலுக்குக் கீழ். கையுறை போட அவனுக்கு நேரமில்லையா, நினைவில்லையா என்பது இருவருக்குமே தெரியாது. மூன்று மாடியும் இறங்கினான். வழியெல்லாம் அவள், “தலை சுவத்துல இடிக்குது பாரு. கண்ணு குருடா உனக்கு? மெதுவா. கட்டில் இல்லடா நான்” என்று முனகிக்கொண்டே வந்தாள். வாய் ஓய்ந்த இடத்தில் அவன், “அக்கா, திட்டு” என்றான். கீழ்வீட்டுக்காரி வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தாள்.

அதே அரசு மருத்துவமனையில் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெற்றியில் மூன்று தையல். தெளிந்து பார்த்தால் தம்பியைக் காணோம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கூட வந்தவர் எங்கே என்று பணிப்பெண் கேட்டபோது, “குழாய் எங்க இருக்கோ அங்க இருப்பான்” என்றாள். அங்கேதான் இருந்தான். நடைபாதைக் கோடியில், ஒரு மணி நேரமாக, முழங்கைவரை தேய்த்துக்கொண்டு. பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைச் சத்தத்தில்தான் பச்சை ஸ்வெட்டர் செவிலியர் அவனைக் கண்டுபிடித்தாள்.

குழாயை மூடச் சொல்லவில்லையாம். பக்கத்தில் நின்றாளாம். வரிசையில் நின்றவர்களை வேறு குழாய்க்கு அனுப்பிவிட்டு, “அக்காவை நீங்களா தூக்கிட்டு வந்தீங்க?” என்று மட்டும் கேட்டாளாம். பிறகு நடந்ததை, தம்பியின் சம்மதத்தோடு, செவிலியரே கட்டிலருகே வந்து சொன்னாள்.

“கனமா இருந்தாங்களான்னு கேட்டேன். எல்லாருமே கனமாத்தான் இருந்தாங்கன்னார். நான் அக்காவைப் பத்திக் கேட்டேன், அவர் அந்த நாலு மாசத்தைச் சொன்னார். ஒவ்வொருத்தரையும் இறக்கும்போது இடிச்சிட்டோமோ, கீழ போட்டுட்டோமோன்னு பயமாம். அவங்க யாருமே திட்டலையாம். இன்னைக்குத்தான் ஒருத்தர் வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாங்கன்னார்.”

அவள் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, அந்தத் தடிமாடு எனக்குத் தண்ணி கொண்டு வருவானா மாட்டானா?” என்று கேட்டாள். கொண்டுவந்தான். டம்ளரை நாலு முறை அலம்பிவிட்டுத்தான் கொண்டுவந்தான்.

அன்றே அவன் பெயரில் சீட்டு போட்டார்கள். அதன் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாரக்கணக்கில் தூங்கி வழிந்தான். இரண்டாவது மாத்திரை ஒத்துக்கொண்டது. பயிற்சி என்று கதவுப்பிடியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழுவாமல் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தான், ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. எட்டு மாதத்தில் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் சேர்ந்தான். கிரீஸ் படிந்த சாமான்களை எடுத்துக் கொடுக்கிற வேலை. வண்டி இன்னும் ஓட்டவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கேட்கிறான். ஒரு பதில் சொல்கிறாள். சில நாள் அவன் பாதிக் கேள்வியிலேயே நிறுத்திக்கொள்கிறான். சில நாள் அவளே மறந்து மூன்று பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

மழைநாளில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள், அவன் உதிரிபாகக் கடைக்குப் போகத் தொடங்கிய பிறகு. “எப்பச் சொன்னே?” என்று கேட்டான். நிஜமாகவே மறந்துவிட்டானா, அவளுக்காக மறந்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதுவும் ஓர் எரிச்சல்.

போகமாட்டேன் என்றிருந்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் போனாள். முதல் நாள் ஒரே அழுகை. மின்விசிறி வேறு கிறீச்சிட்டது. இனி வரக்கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையும் போனாள். பிறகுதான் காரணம் விளங்கியது. தம்பியை ஒரு மணி நேரம் வாயாரத் திட்டினாலும், “பாவம், அவனும் என்ன பண்ணுவான்” என்று குறுக்கே விழ அங்கே யாருமில்லை. மாமா இல்லை, கீழ்வீட்டுக்காரி இல்லை. அவரவருக்குத் திட்ட அவரவர் வீட்டில் ஆள் இருந்தது.

சென்ற மாதம் புதிதாக ஒருவர் வந்தார். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவர், இரண்டு வருடமாக யாரோடும் பேசுவதில்லை. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், “எனக்குச் சில நாள் அவமேல ரொம்பக் கோபம் வருதுங்க. கட்டினவ படுத்திருக்கா, எனக்குக் கோபம் வருது. நான் நல்ல மனுஷனான்னே சந்தேகமா இருக்கு” என்றார்.

கண்ணாடிக்கார அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க. ஒரு காது மேல, ஒரு காது கீழ. எத்தனை மாசமா இப்படிக் கோணலாவே பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் விரலால் கம்பியை வளைத்துக்கொண்டே, “இப்பச் சொல்லுங்க. என்ன பண்ணாங்க, எதுக்குக் கோபம் வந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லணும்” என்றாள். அவர் சொல்லத் தொடங்கினார்.